தடியை விடுங்கள், கொதும்பைப் பிடியுங்கள்

கேள்வி: அருமனைக்கு அருகே, கேரள எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. மழை நாட்களில் வேலை இருப்பதில்லை. வீட்டைச் சுற்றி 40 சென்ட் விளை, அதில் 25 தென்னை உண்டு. அண்ணனிடம் பெட்டி ஆட்டோ இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் சித்திரையில் ஒரு ஏக்கர் முதிர்ந்த ரப்பரை வெட்டப் போகிறார். தடி ஆலைக்குப் போனபிறகு மிஞ்சும் கிளைகளையும் வேர்க்கட்டைகளையும் மொத்த விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நகையை அடகு வைத்து அதை வாங்கி, விறகு பிளக்கும் இயந்திரமும் ஒன்று எடுத்து, விறகு வியாபாரம் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஒரு பேக்கரிக்காரர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். திருவனந்தபுரம் பக்கமும் அனுப்பலாமா? உரிமம் ஏதாவது வேண்டுமா?
– ஒரு வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இயந்திரமும் இப்போது வேண்டாம். தொழில் நல்ல தொழில்தான். நீங்கள் அதைப் பிடித்திருக்கும் முனைதான் தவறு.

முதலில் அந்த ஒரு ஏக்கரைப் பார்ப்போம். மறுநடவு செய்பவர்கள் ரப்பரை எந்தக் காலத்தில் வெட்டுவார்கள் என்று உங்கள் கணவருக்குத் தெரியும். மழை பிடித்ததும் கன்று நட வேண்டும் என்பதால் பங்குனி, சித்திரையில் மரம் சாயும். அந்தக் கிளைகள் உங்கள் முற்றத்துக்கு வந்து, நீங்கள் வெட்டிப் பிளந்து அடுக்குவதற்குள் வைகாசி பாதியாகிவிடும். கேரளத்தார் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்கு மழை அப்போது வாசலில் நிற்கும். அது ஓய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்கு மழை. இரண்டு மழையையும் வாங்கும் மாவட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு ஏக்கரில் நடும்போது 180 முதல் 200 மரம்வரை நிற்கும். அதில் காற்றுக்கும் நோய்க்கும் போனது போக மிச்சமுள்ள மரங்களின் கிளை முழுவதையும் மழைக்கு முன்னால் வாங்கினால், ஏழெட்டு மாதம் நனையாமல் காக்கும் கூரையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தக் கூரை உங்களிடம் இல்லை.

ரப்பர் மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம். அதனால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் மிகவும் பிடிக்கும். பச்சையாக மூடிக் குவித்தால் சில நாட்களிலேயே கறுக்கத் தொடங்கும். பிறகு துளைகளிலிருந்து மாவு கொட்டும். மேசை, நாற்காலி செய்பவர்கள் அறுத்த கையோடு மருந்தில் நனைப்பது இதனால்தான். விறகுக்கு மருந்து அடிக்க முடியாது. வெயிலும் காற்றும் தவிர வேறு வழியில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெட்டிய 100 கிலோ பச்சை விறகில் 45 கிலோ நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் 55 கிலோ. நன்றாக எரியும் அளவுக்கு, அதாவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும் அளவுக்கு உலர்த்தினால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 69 கிலோ. பேச்சுக்குக் கிலோ 3 ரூபாய் என்று வாங்கியிருந்தால், உலர்ந்தபின் அடக்கம் 4 ரூபாய் 35 காசு. வெட்டுக்கூலி, வண்டிக்கூலி, கூரை எதுவும் இதில் இல்லை. மொத்த விலை பேசும்போது இந்த 31 கிலோ யாருடைய கணக்கில் போகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கியவர் கணக்கில்தான் போகும்.

உலர்த்தாமல் ஈரத்தோடு எடை போட்டு விற்றுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். விற்கலாம், ஒரு முறை. அடுப்பின் சூடு முதலில் நீரை ஆவியாக்கத்தான் செலவாகும். மிச்சம்தான் பாத்திரத்துக்குப் போகும். பேக்கரிக்காரர் முதல் சுமையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய செங்கல் அடுப்பு சூடேறும் நேரம் அவருக்கு மனப்பாடம்.

ரப்பர் விறகில் காசே இல்லை என்று நான் சொல்லவில்லை. செங்கல் சூளைக்கும் முந்திரி ஆலைக்கும் லாரி லாரியாகப் போகிறது. போடுபவர்களிடம் சொந்த லாரி, மரம் அறுக்கும் வாள், ஆட்கள், குவித்துவைக்க இடம் எல்லாம் இருக்கின்றன. டன் கணக்கில் அவர்களோடு மோதி ஒரு பெட்டி ஆட்டோ ஜெயிக்காது.

ஆகவே தோட்டக்காரரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். மொத்தமாக வேண்டாம், கைவிரல் கனத்திலிருந்து மணிக்கட்டுக் கனம்வரை உள்ள கிளை மட்டும், ஒரு ஆட்டோ சுமைக்கு இவ்வளவு என்று. பெரிய வியாபாரிகள் அந்தச் சிறுகிளையைச் சீண்டுவதில்லை. நிலத்தைச் சுத்தம் செய்ய அவரும் யாரையாவது கூலிக்கு வைக்க வேண்டும். எனவே விலை உங்கள் பக்கம் சாயும். வேர்க்கட்டையைத் தொடாதீர்கள். மண்ணும் கல்லும் அதில் புதைந்திருக்கும். கோடாரியின் வாய் போய்விடும்.

இனி உங்கள் விளைக்கு வருகிறேன். அங்கேதான் உங்கள் சரக்கு தொங்குகிறது.

ஒரு தென்னை ஆண்டுக்கு ஏறத்தாழ 12 ஓலை விடும். ஓலைக்கு ஒன்றாகப் பாளையும் வரும். அந்தப் பாளையின் காய்ந்த மேலுறைதான் கொதும்பு. 25 மரத்தில் ஆண்டுக்கு 300 கொதும்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு மட்டை, சில்லாட்டை (பன்னாடை), குலைக்காம்பு, சிரட்டை (கொட்டாங்கச்சி). கொதும்பின் சிறப்பை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அம்மா அடுப்பு மூட்டியது அதில்தான். அந்தக் காலத்தில் அதை விற்கிறேன் என்றால் சிரித்திருப்பார்கள், எல்லா வீட்டிலும் இறவாரத்தில் செருகி இருந்தது. இன்று மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் முற்றத்துக்குக் கல் பாவிய வீடுகளில் தென்னையும் இல்லை, பரணும் இல்லை. மண்ணெண்ணெயும் முன்போல் கிடைப்பதில்லை. ஆனால் பொங்கல் வைக்க வேண்டும், பேறுகாலத்து வெந்நீர் போட வேண்டும், மொட்டைமாடியில் கோழி சுட வேண்டும். தீ மூட்டத் தெரியாதவர்களுக்கு உடனே பற்றும் விறகுக்கட்டு ஒன்றாகக் கட்டி விற்றால் கிலோவுக்குக் கிடைக்கும் விலை, பேக்கரி கொடுக்கும் விலையைவிடத் தாராளமாக இருக்கும்.

அந்தக் கட்டு ஒன்றை நீங்களே கட்டிப் பாருங்கள். அடியில் சில்லாட்டை, தீக்குச்சி பட்டதும் அது பிடிக்கும். அதன்மேல் நீளவாக்கில் கிழித்த கொதும்பு. பிறகு விரல் கனத்தில் ரப்பர் சுள்ளி. வெளியில் மணிக்கட்டுக் கனத்தில் பிளந்த விறகு. ஒரு பானைப் பொங்கல் பொங்கி இறங்க எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் அடுப்பில் வைத்துப் பார்த்து, அந்த அளவையே ஒரு கட்டு என்று முடிவு செய்யுங்கள். முற்றத்திலும் ஒரு தடவை மூட்டுங்கள். வெளிக்காற்றில் விறகு கூடுதலாகச் செலவாகும். வாங்குபவருக்குக் கிலோ கணக்கு மனதில் நிற்காது. ஒரு பானைக்கு ஒரு கட்டு என்றால் நிற்கும். கயிற்றால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை இருப்பது ஒரு காரணம், மூடிய பைக்குள் விறகு வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சிரட்டையைக் கட்டில் சேர்ப்பதற்கு முன் கரி சுடுபவர்கள் அதற்கு என்ன விலை தருகிறார்கள் என்று விசாரியுங்கள். நல்ல விலை போகும் பருவத்தில் அதை அடுப்புக்குக் கொடுப்பது நஷ்டம். கதம்பையும் (தேங்காயின் நார்மட்டை) அப்படியே, நார் ஆலைக்குப் போகிற பொருள், ஈரம் இருந்தால் புகை மட்டுமே தரும்.

உங்கள் 300 கொதும்பு போதாது. அதனால் பயப்பட வேண்டாம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் வெட்டு நடந்த மறுநாள் மட்டையும் பாளையும் குவிந்து கிடக்கும். பலர் அதை மூலையில் போட்டுத் தீவைத்துவிடுகிறார்கள். தேங்காய் வெட்டுபவரிடம் பேசி, எந்த வீட்டில் என்றைக்கு வெட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஏதாவது கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு ஏன் காசு என்று தோன்றும். அடுத்த ஆண்டு இன்னொருவர் இதே தொழிலுக்கு வரும்போது ஏன் என்று புரியும்.

உலர்த்துவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் முதலீடு போக வேண்டிய ஒரே இடம் அதுதான். தையிலிருந்து மாசி முடியும்வரை உங்களுக்கு நல்ல வெயில். சேர்க்கிற பொருளில் பெரும்பகுதியை அந்தக் காலத்தில் சேருங்கள். கிளைகளைப் பச்சையாக இருக்கும்போதே ஒரே நீளத்தில் நறுக்கிப் பிளந்துவிடுங்கள். பட்டை மூடிய உருளைக்குள் ஈரம் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கல் வைத்து, அதன்மேல் கமுகுத்தடி பரப்பி அடுக்குங்கள். மேலே தகரம், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடுவது நம் ஊரில் எல்லோரும் செய்யும் தவறு. மழை உள்ளே போகாது என்பது சரி, ஈரம் வெளியே போகாது என்பதும் சரி. வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். கறையான் முதலில் விறகுக்கு வந்து, பிறகு கதவு நிலையைக் கேட்கும். தீயும் அப்படியே.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் கரியால் குறியிட்டு வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை இறங்குவது நின்றால் அந்த அடுக்கு தயார். அனுபவம் வந்தபின் இரண்டு துண்டைத் தட்டினாலே போதும். ஈர விறகு மொத்தென்று சொல்லும், உலர்ந்தது கணீரென்று சொல்லும்.

சந்தைக்கு வருவோம். பேக்கரிக்காரர் ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னது ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். அவர் இப்போது யாரிடம் வாங்குகிறார், வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள் கடன் என்று கேளுங்கள். கடன் இல்லாமல் வாங்க மாட்டார் என்றால் முதல் ஆண்டில் அவருக்கு ஒரு வாரச் சரக்குக்கு மேல் நிலுவை விடாதீர்கள்.

என் மதிப்பில் உங்கள் முதல் வாசல் பேக்கரியைவிட வாடகைப் பாத்திரக் கடைதான். கல்யாண வீட்டுக்கு அண்டா வாடகைக்கு எடுப்பவருக்கு விறகும் வேண்டும். கோயில் கொடைக்கும் அப்படியே, தேவாலயத் திருவிழாவில் ஊருக்கே அசன விருந்து வைக்கும்போதும் அப்படியே. பாத்திரத்தோடு விறகையும் தீ மூட்டும் கட்டுகளையும் சேர்த்து அனுப்பினால் கடைக்காரருக்கு ஒரு பங்கு என்று பேசிவிடுங்கள். பெரிய விறகு கேட்டால் லாரிக்காரரிடமிருந்து வாங்கிக் கைமாற்றிவிடலாம், கட்டு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். கொஞ்சம் கறுத்துப்போன துண்டுகள் ஒதுங்கும். ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் சிறு விவசாயிகள் அதைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

மாசி மாதம் உங்களுக்கு அறுவடை. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை அப்போது வருகிறது; கேரளத்திலிருந்தும் பெண்கள் வந்து பொங்கலிடுகிறார்கள். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பெண்கள் பொங்கலிடும் பொங்காலையும் கேரளத்தாரின் கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், பூர நட்சத்திரத்தில்தான். 1997-இல் 15 லட்சம் பெண்கள், 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் ஏறிய கூட்டம் அது. ஒவ்வொருவருக்கும் மூன்று செங்கல், ஒரு பானை, கொஞ்சம் கொதும்பும் விறகும். இந்த எண்ணைப் பார்த்ததும் ஆட்டோ நிறையக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போகத் தோன்றும். போகாதீர்கள். அன்றைக்குச் சாலை மூடியிருக்கும். நகரத்துக்காரர்கள் தெருமுனையில் முன்பே இடம் பிடித்திருப்பார்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொண்டுவரும் கூலி லாபத்தைத் தின்றுவிடும். குமரி மாவட்டத்திலிருந்து வேன் பிடித்துப் போகும் பெண்கள் எத்தனை குழு என்று உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கேட்டால் தெரிந்துவிடும். அவர்களிடம் ஒரு மாதம் முன்பே பெயர் எழுதி முன்பணம் வாங்கி, புறப்படும் இடத்திலேயே கட்டுகளை ஏற்றிவிடுங்கள். எல்லை தாண்டும் தலைவலி அவர்களுடைய வேனோடு போய்விடும்.

பிற்பாடு நீங்களே எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டுவதாக இருந்தால் சில தாள்கள் வேண்டும். இங்கே 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள், அங்கே 1975-ஆம் ஆண்டின் வனப்பொருள் போக்குவரத்து விதிகள். எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை உங்கள் வனச்சரக அலுவலகத்தில் மரத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோட்டக்காரர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய நிலவரி ரசீதின் நகலும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். தேக்கு, ஈட்டி, சந்தனம் இவற்றில் ஒரு சில்லுகூடச் சுமையில் கலக்கக் கூடாது. ஆட்டோவை எல்லைக்கு அப்பால் ஓட்டுவதற்கு என்ன வேண்டும் என்று அண்ணன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. உங்களுக்கு வடக்கே கிடக்கும் மலை 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். அங்கே காய்ந்து விழுந்த சுள்ளியும் விற்பனைக்கு உரியதல்ல. அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் கிடக்கும் கிளையும் கழகத்துடையது. ‘கீழே கிடந்ததுதானே’ என்று யாராவது கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதை மட்டும் விற்றால் பதிவும் தேவையில்லை. வரி உள்ள வேறு பொருளைச் சேர்த்து மாநில எல்லை தாண்டி விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம். அதனால் வேறு எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்காளரைப் பாருங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல. மின்னணுத் தராசு வாங்கினால் தொழிலாளர் துறையில் முத்திரை போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தீப்பிடிக்கும் பொருளைக் குவித்து வைப்பதால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலும் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். இவ்வளவுதான் அலுவலக வேலை. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கட்டில் சேரக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து காய்ந்த ரப்பர் பால்) ஒரு துண்டு போட்டால் தீ சட்டென்று பிடிக்கும் என்பது ரப்பர் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதன் கரும்புகை சோற்றுப் பானையில் இறங்கும். பொங்கல் கட்டில் அதை வைத்தால் அடுத்த ஆண்டு யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். மரச்சாமான் பட்டறையில் கிடைக்கும் மருந்தடித்த துண்டு, பிளைவுட், சாயம் பூசிய பலகை எதுவும் ஆகாது. அரளி விஷம். சேரு மரத்தின் பால் பட்டால் உடம்பு கொப்பளிக்கும், வெட்டவே வேண்டாம். முந்திரிக்கொட்டை ஓடு கொழுந்துவிட்டு எரியும். ஆனால் அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் கெடுதல்.

அடுக்கிலிருந்து எடுக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள். முதலில் கம்பால் தட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கையுறையும் கால் மூடிய செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள். விரியனுக்கும் தேளுக்கும் விறகடுக்கைப்போல வசதியான வீடு கிடையாது. கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, நாட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் எழுந்து மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருபவரிடம் பிற்பகலில் கோடாரியைக் கொடுத்தால் சில மாதங்களில் முதுகு போய்விடும். வெட்டுக்கத்தியால் முடிகிற கனத்தில் மட்டும் சரக்கு எடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். மழைநாளில் கூரையடியில் உட்கார்ந்து கட்டுவது இருவருக்கும் ஆகும்.

ஒரு நோட்டில் மூன்றே மூன்று விஷயம் எழுதுங்கள்: பொருளுக்குக் கொடுத்த காசு, வண்டிக்குக் கொடுத்த காசு, கட்டுவதற்கு உட்கார்ந்த மணி. அண்ணனின் ஆட்டோ என்பதற்காக வாடகையை எழுதாமல் விடாதீர்கள். நாளைக்கு அவருக்கு வேறு சவாரி வந்தால் வாடகை வண்டிதான் பிடிக்க வேண்டும். மாசி முடிந்ததும் வரவிலிருந்து முதல் இரண்டையும் கழித்து, மிச்சத்தை மணியால் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியை மணிக்கணக்கில் வகுத்தால் வருவதைவிட அது கூடுதலாக இருந்தால் அடுத்த ஆண்டு தகரக் கூரையை இரட்டிப்பாக்குங்கள். குறைவாக இருந்தால் கட்டின் விலையை ஏற்றிப் பாருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம். கையைக் கடிக்கக் கடன் எதுவும் இருக்காது.